பேரில்லாத மேட்டின் மேல் ஒரு கோடு

பாப்பா,

ஊருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டாய், பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாய் என்று நைனா சொன்னார். கட்டின பெட்டியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் படி. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், நான் கத்துவேன், நீ அழுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். உன் பேராசிரியர் அம்மாவுக்கும் படித்துச் சொல்லலாம், உன்னோடு படித்த பிள்ளைகளுக்கும் காட்டலாம், இத்தனை நாள் ஒளித்தது போதும். வருகிற மார்கழி அமாவாசைக்கு நம் ஏரியில் வெட்டு குத்து நடக்கும் போலிருக்கிறது. ஒரு பக்கம் உன் நைனா இருப்பார், எதிர்ப் பக்கம் என் தம்பி, உன் மாமா இருப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா.

தெற்காசியக் கடலோர மக்களைப் பற்றிப் படிக்கிறேன், ஆராய்ச்சிக்கு என் ஊரையே எடுத்துக்கொண்டேன் என்று நீ சொன்ன அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீன் கவிச்சி அடிக்கிறது என்று கிளாஸில் யாரோ சொன்னதற்காகப் பள்ளிக்கூடப் பையில் சந்தன சோப்பைப் போட்டுக்கொண்டு போன பெண் நீ. சோறு டப்பா முழுக்க சோப்பு வாசனை ஏறி, அதற்கு ஒரு பாட்டம் என்னிடம் சண்டை போட்டாய். அவளா படகில் ஏறி, சேற்றில் இறங்கி, இறால் வலை பிரிக்கிறவர்களிடம் கதை கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் போன ஆடியில் வந்து நீ செய்ததைப் பார்த்து வாயடைத்துப் போனேன், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெயில் மழை பார்க்கவில்லை. வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று ஏன் பேர், எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது எப்படி, கல்யாணம் ஆன ஆம்பளைக்கு மட்டும் ஏன் சீட்டில் பேர், பொம்பளைக்கு ஏன் இல்லை என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டாய். அந்தக் கடைசிக் கேள்விக்கு நம் பஞ்சாயத்தார் முழித்த முழியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

ஒரு குறை மட்டும் மனதில் இருந்தது. தமிழில் சுருக்கி எனக்கு அனுப்பினாயே, அதைப் படித்தேன். 'என் ஊர்', 'என் முன்னோர்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தாய். எல்லாம் உன் நைனாவின் ஊர், உன் நைனாவின் முன்னோர். நான் பிறந்து வளர்ந்த ஊர் அதில் 'அக்கரைக் குப்பம்' என்று ஒரே ஒரு வரியில் வருகிறது. உன்னைப் பெற்றவள் அந்த ஊர்ப் பெண் என்பது எங்கேயும் இல்லை. காது குத்தும்போது நீ யார் மடியில் உட்கார்ந்து வீறிட்டாய்? அந்த மாமாவின் மடியில்தானே? இதை அப்போதே சொல்லியிருப்பேன். படித்து எழுதுகிற பிள்ளை, நாம் குறுக்கே பேசக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

இப்போது அந்த மேட்டுக்கு வருகிறேன். முகத்துவாரத்துக்கு உள்பக்கம், நம் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவில், தண்ணீர் இடுப்பளவு நிற்கிற இடம். நைனாவோடு படகில் போய் ஒவ்வொரு பாடாகப் போனில் குறித்துக்கொண்டு வந்த அன்று, சோறு சாப்பிடும்போது நீ கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எல்லா எடத்துக்கும் பேரு கீது நைனா. அந்த மேட்டுக்கு மட்டும் ஏன் பேரே இல்ல? அது யாருது?" நான் குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். சட்டியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் உன் நைனா சொல்லிவிட்டார். "யாருதுன்னா? நம்மளுதுதாம்மா. எங்க தாத்தன் காலத்துல இருந்தே நம்மளுது." மகள் வெளிநாட்டில் படிக்கிறாள், நம் வாயிலிருந்து வருவதையெல்லாம் எழுதிக்கொள்கிறாள் என்ற பூரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவருக்காகவே சொன்ன சொல். நான் முறைத்தேன். அவர் மீனில் முள் எடுக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் நீ இன்னும் நாலு பேரைக் கேட்டாய். நைனா சொன்னதற்கு எதிராக எவன் சொல்லுவான்? அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அந்த மேட்டில் ஒரு நாள் நாம் வலை கட்டுவோம், மறுநாள் அக்கரைக்காரர்கள் கட்டுவார்கள், அது உனக்குத் தெரியும், எழுதியும் இருக்கிறாய். வலை கட்ட ஊன்றுகிற சவுக்குக் கழியை அன்றன்றைக்கே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், மற்ற இடங்களில் அப்படி இல்லை, மரம் உளுத்துப் போகாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள் போல என்றும் எழுதியிருந்தாய். இல்லை பாப்பா. பிடுங்காமல் ஒரு கழியை அங்கே விட்டால், இந்த மேடு என்னுடையது என்று சொன்னதாக அர்த்தம். அதனால்தான் யாரும் விடுவதில்லை. அதனால்தான் அதற்குப் பேரும் இல்லை. பேர் வைத்தால் யார் வைத்தது என்று வரும், பிறகு யாருடையது என்று வரும்.

எனக்குக் கல்யாணம் ஆன முதல் மார்கழி. என் அப்பா தட்டில் புடவையும் பழமும் வைத்துக்கொண்டு இங்கே வந்தார். "நாலு நாள் வந்து இருந்துட்டுப் போம்மா" என்றார். புதுப்பெண்ணுக்கு வேறென்ன வேண்டும், துள்ளிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கரைப் பெண்கள் எல்லாரும் அவரவர் பிறந்த வீட்டில் இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிவிட்டுக்கொண்டு, தாயம் ஆடிக்கொண்டு, ஒரே கும்மாளம். தெருவில் ஆம்பளைகளைக் காணவில்லையே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அமாவாசை அன்று பட்டப்பகலில் இந்தப் பக்கம் புகை எழுந்தது. படகுகள் எரிந்தன. உன் பெரியப்பா கடலில் போய்விட்டார் என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்? அவர் கடலில் போகவில்லை. அந்த மேட்டில்தான் போனார். அக்கரையிலேயே வாழ்க்கைப்பட்ட கன்னியம்மா அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தாள், அவளுடைய அண்ணனும் அங்கேதான் போனான்.

அதற்கப்புறம் இரண்டு ஊரும் அம்மன் கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தது. அந்த மேடு யாருடையது என்று எவனும் வாயால் சொல்வதில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்ப்பதில்லை. சொன்னால் அவர்களுக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொள்ளும் என்று அப்படி முடிவு செய்தார்கள். உன் ஆராய்ச்சியில் இது இல்லாமல் போனதற்கு நீ என்ன செய்வாய்? கேட்காததால் விட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். உன் கேள்விக்கு முன்னால் ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு நின்றது, உன் நைனா ஒருத்தரைத் தவிர.

நீ படிப்பு முடித்த சந்தோஷத்தில் அந்த மேப்பை நைனாவின் வாட்ஸப்புக்கு அனுப்பினாய். ஏரி நீலத்தில், பாடுகள் பச்சையில், நம் ஊர் எல்லை சிவப்புக் கோட்டில். மேடு கோட்டுக்கு இந்தப் பக்கம். அவர் அதை ஊர் குரூப்பில் போட்டார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய், ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருக்கிற பையன்கள் இருக்கிறார்களே, அவர்கள் பொன்னேரிக்குப் போய் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீ சிரிக்கிற படம் ஒரு பக்கம், உன் மேப் ஒரு பக்கம். 'வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்கிறது, மேடு எங்களுடையது' என்று மேலே எழுத்து. படகுத்துறையில், போகிறவன் வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரி கட்டினார்கள். நானும்தான் வாயெல்லாம் பல்லாக அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். எழுத்தைப் படிக்கவே இல்லை. உன் மூஞ்சியைப் பார்த்ததில் வேறெதுவும் தெரியவில்லை.

கன்னியம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள் என்று வைத்துக்கொள். பழவேற்காடு மார்க்கெட்டில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் கூடை வைப்பவர்கள், உனக்குத் தெரியும். அவளுக்கு இறால் போதவில்லை என்றால் நான் தருவேன், எனக்கு நண்டு இல்லை என்றால் அவள் தருவாள். அன்றைக்கு நான் போய் உட்கார்ந்ததும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போனாள். "இன்னாடி, இன்னா ஆச்சி?" என்று கேட்டேன். "உம் பொண்ணு நல்லா பட்ச்சிகீது. எங்கண்ணன் செத்த எடத்த கூட எழுதிக்கினு போயிடுச்சி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அப்போதுதான் உனக்குப் போன் செய்து அந்தக் கோட்டை அழித்துவிடு என்றேன். காரணத்தை நான் சொல்லவில்லை, சத்தியம் நாக்கைக் கட்டிப் போட்டிருந்தது; உயிருக்கே ஆபத்து என்று ஆன பிறகுதான் இப்போது அதை மீறி எழுதுகிறேன். நீ, "அது உண்மைதானம்மா, நாலு பேரக் கேட்டுத்தான் போட்டேன்" என்றாய். உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்கரையில் நாலு பேரைக் கேட்டிருந்தால் அவர்களும் அவர்கள் பக்கம் கோட்டை இழுத்துக் காட்டியிருப்பார்கள், அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் எந்த ஊருக்குப் போய் எதைக் கேட்டாலும் எதிர்க்கரைக்கும் ஒரு நடை போய்க் கேள். பெற்றவளாக உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான்.

பேனரை நானே கிழித்தேன். பையன்கள் ஓடி வந்தார்கள். "இன்னா ஆயா, ஊரு பேனர கிழிக்கிற?" என்றான் ஒருத்தன். "ஊரு பேனராடா? அதுல கீறது எம்பொண்ணு மூஞ்சி. நான் பெத்தேன், நான் கிழிப்பேன், நீ யார்ரா கேக்கறதுக்கு?" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கலைந்து போய்விட்டார்கள். எனக்கும் நம்ம பேச்சு எடுபட்டது என்று ஒரு திமிர். மறுநாள் புதுப் பேனர் வந்தது. அதில் உன் படம் இல்லை. மேப் மட்டும் இருந்தது, முன்பைவிடப் பெரிதாக. உன் கோடு அவர்களுக்குப் போதும், நீ வேண்டாம்.

அந்த வாரத்திலேயே மேட்டில் ஒரு கழி நின்றது. காலையில் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நாங்கள் ஊன்றவில்லை என்று நம்மாட்கள் சொல்கிறார்கள், நாங்களும் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். பிடுங்கவும் ஒருத்தரும் போகவில்லை. இது எப்போதும் வருகிற சண்டை என்று நினைக்காதே. முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து மற்ற பாடுகளில் வலை வெறுமையாக வருகிறது. இந்த மழையில் அடைப்பு உடைந்து கடல் தண்ணீர் ஏறியிருக்கிறது, அமாவாசை நீரோட்டத்துக்கு இறால் அந்த மேட்டுக்குத்தான் வரும். அன்று யார் முறை என்று பேச்சே இல்லை, இரண்டு ஊரும் இறங்கப் போகிறது. துறையில் சவுக்குக் கழியைக் குவித்துச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். வலை கட்டுகிற கழிக்கு ஒரு முனை கூராக இருந்தால் போதும். இவர்கள் இரண்டு முனையையும் சீவுகிறார்கள். உன் நைனாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "உன் வாய வெச்சிக்கினு சும்மா கீற மாட்டாம ஊரையே கொளுத்திட்டியேயா" என்று கத்தினேன். "ஊரு எறங்கும்போது நான் மட்டும் ஊட்ல குந்திக்கினு கீறதா?" என்றார். சீவின முனையையே திரும்பத் திரும்பச் சீவினார் பாப்பா. அவருக்கும் அண்ணன் நினைவு வந்திருக்கும்.

நேற்று மத்தியானம் உன் மாமா படகில் வந்தான். துறையில் இறங்கி அந்தப் பேனரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தானாம். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புடவை. அன்று என் அப்பா கொண்டு வந்த தட்டு மாதிரியே.

"இன்னாடா, பொங்கலுக்கு இன்னும் நாளு கீதே. அதுக்குள்ள சீரா?"

"சும்மாதாங்க்கா. வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ. அம்மாச கழிச்சி நானே கொண்டாந்து உட்டுடறேன்."

"அம்மாச கழிச்சா? எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லா ஊட்டுப் பொண்ணுங்களுக்கும் போய்க்கீதுக்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எம் புருசன் தண்ணிக்குப் போனா இன்னாடா செய்வீங்க?"

"அவர அன்னைக்குத் தொழிலுக்குப் போவ வேணாம்னு சொல்லுக்கா."

"நீ போவியா?"

"ஊரு போவும்போது நான் எப்டிக்கா போவாம இருக்கறது?"

இரண்டு பேரும் ஒரே பேச்சு. வாத்தியார் சொல்லிக் கொடுத்த மாதிரி. புடவையைத் தட்டோடு திருப்பித் தள்ளினேன். அப்போதுதான் பார்த்தேன், அதற்கு அடியில் இன்னொரு புடவை இருந்தது. இளசுகள் கட்டுகிற மாதிரி மெலிசாக, மாம்பழ நிறத்தில். "இது யாருக்குடா?" என்றேன். "பாப்பா வருதுன்னு சொன்னாங்க. அதயும் இஸ்துகினு வந்துடுக்கா" என்றான். எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "கோடு போட்டவளுக்குமாடா பொடவ?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "அதும் நம்ம ஊருப் பொண்ணுதானக்கா" என்றான். அவன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். நான் போகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போனமுறை ஒன்றும் தெரியாமல் போய்த் தாயம் ஆடினேன். பெண்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அவர்களுக்குக் கை துணிந்தது. இந்தமுறை நான் இந்த வீட்டில்தான் இருப்பேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்ற அக்கரைப் பெண்களிடமும் பேசினேன். சிலர் கிளம்பிவிட்டார்கள், சிலர் யோசிக்கிறார்கள். உன் புடவையை மட்டும் நான் மறுக்கவில்லை. "அவ நேரா உன் ஊட்டுக்குத்தான் வருவா. நீயே அவ கைல குடு" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், என் மேல் கோபப்படு, பரவாயில்லை.

நீ ஏர்போர்ட்டிலிருந்து இங்கே வராதே. மாமா வீட்டுக்குப் போ. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்கு நடந்து போய், ஒன்றும் எழுதிக்கொள்ளாமல், அவள் திட்டுவதைக் கேட்டுவிட்டு வா. அமாவாசை முடிகிறவரை அந்தக் கரையிலேயே இரு. நம் ஊர்ப் பையன் எவனாவது தீப்பெட்டியைத் தொட்டால், உன் நைனாவின் மகள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்து தொடட்டும். அங்கிருந்து எவனாவது கழியைத் தூக்கினால், என் தம்பியின் அக்கா இங்கே இருக்கிறாள் என்று தெரிந்து தூக்கட்டும். பெற்றவள் சொல்கிற பேச்சா இது என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது, நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வர வேண்டாம் என்று தோன்றினால் வராதே. டிக்கெட் போனால் போகட்டும், ஒரு வார்த்தை திட்டமாட்டேன், நீ அங்கே பத்திரமாக இருக்கிறாய் என்று நிம்மதியாகக்கூட இருப்பேன். ஆனால் வருவதாக இருந்தால் நான் சொன்ன கரைக்கு வா.

இதை எழுதுவதற்கு முன்னால் நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன்னை எங்கே போகச் சொல்லியிருக்கிறேன் என்பதையும். அவர் எழுந்தார். துறைக்குப் போனார், சீவிக்கொண்டிருந்த கழியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மற்றவர்கள் இன்னும் சீவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

அம்மா